ரசீதுப் புத்தகமும் க்யூஆர் கட்டமும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு துடியலூரில் உதவி கேட்டவர்கள் நேரில் வந்தார்கள். நோம்பி (கோயில் திருவிழா) வரிக்கு வந்தவரோ, பள்ளிக்கூடக் கட்டட நிதிக்கு வந்தவரோ, ஆபரேஷன் செலவுக்கு வந்தவரோ, வாசலில் நின்று பெயரைச் சொல்லி, யாருடைய மகன், எந்தத் தோட்டத்துக்காரர் என்று விளங்கவைத்த பிறகே காரியத்துக்கு வருவார். இன்று கோரிக்கை கைப்பேசியில் வருகிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான காணொளி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை, பின்னணியில் வயலின், அழுகிற தாயின் முகம், கடைசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு க்யூஆர் கட்டம். ஸ்கேன் செய்தால் சில விநாடிகளில் பணம் போய்விடுகிறது. யாருடைய கணக்குக்குப் போனது என்று அனுப்பியவர்களில் பலர் பார்ப்பதில்லை.

2011-ல் கோவை மாநகராட்சியோடு சேரும் வரை துடியலூர் தனிப் பேரூராட்சியாக இருந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் டியூகாஸ் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரம் வாங்க வருகிற விவசாயிகள், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் திரும்புகிற மில் தொழிலாளர்கள், என்.ஜி.ஜி.ஓ. காலனி அரசு ஊழியர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் முகத்தால் அறிந்திருந்தார்கள். இன்று வெள்ளக்கிணறு பக்கமும் சரவணம்பட்டி சாலையிலும் அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டார் பெயர் தெரிவதில்லை. ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு குழந்தையின் நோய் என்ன, அதற்கு என்ன மருந்து, எத்தனை கோடி தேவை என்பது தெரிகிறது.

அன்றைய வசூலுக்கு ஒரு முறை இருந்தது. ரசீதுப் புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் அச்சிட்டிருக்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்துப் பெயரையும் தொகையையும் எழுத்தாலும் எண்ணாலும் எழுதுவார்கள். மேல் தாள் கொடுத்தவருக்கு, அடித்தாள் கமிட்டிக்கு. ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப் விழும். வசூலுக்கு ஒருவர் தனியாக வரமாட்டார். இரண்டு மூன்று பேராகத்தான் வருவார்கள். பணம் ஒருவர் பையில் இருக்கும், புத்தகம் இன்னொருவர் கையில் இருக்கும். இது யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஊர்ப் பணத்தைத் தொடுகிறவர் மீது சந்தேகம் விழக்கூடாது என்பதற்காக ஊரே பழகிக்கொண்ட ஏற்பாடு.

நோம்பி முடிந்த பிறகு கணக்கு வாசிப்பு நடக்கும். கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடி உட்கார்ந்திருக்க, பொருளாளர் வரவு, செலவு, கையிருப்பு என்று வரிசையாகப் படிப்பார். பந்தல், மேளம், மைக்செட், பூ, எண்ணெய் என ஒவ்வொன்றுக்கும் தொகை வரும். கூட்டத்தின் பின்வரிசையில் இருந்து ஒருவர், “ஏனுங்க, பந்தலுக்குப் போன வருசத்தைவிட இவ்வளவு கூடியிருக்குதுங்களே?” என்பார். பொருளாளர் கோபித்துக்கொள்ளமாட்டார். “மழைக்குத் தகரம் போட்டோமுங்க, பில்லு இருக்குதுங்க” என்று எடுத்துக் காட்டுவார். ஐந்து ரூபாய் கொடுத்தவரும் கேட்கலாம், ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரும் கேட்கலாம். கேட்பது உரிமை, சொல்வது கடமை.

இன்று அதே கேள்வியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பார்க்கலாம். “இந்தக் குழந்தைக்குத் திரட்டிய பணம் எவ்வளவு வந்தது, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போனது?” என்று ஒருவர் கேட்டால், உடனே பதில் வரும்: “உதவ மனசில்லாட்டி சும்மா இருங்க.” இரண்டு காலத்துக்கும் நடுவில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான். அன்று கணக்குக் கேட்டவர் பொறுப்புள்ளவர். இன்று கணக்குக் கேட்பவர் இரக்கமில்லாதவர். தொழில்நுட்பம் மாறியதைவிட இந்த மனப்போக்கு மாறியதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பழைய முறையில் குறை இல்லாமல் இல்லை. ஊருக்கு வெளியே குடியிருக்கவைக்கப்பட்டவர்களுக்குக் கணக்கு வாசிக்கிற கூட்டத்தில் உட்கார இடம் இருந்ததில்லை. கையில் காசில்லாத வீட்டுக்கும் வரி போட்டார்கள். கணவனை இழந்த பெண் உதவி கேட்க வேண்டுமானால் பத்துப் பேர் முன்னால் நின்று தன் நிலைமையைச் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல பெயர் எடுத்த குடும்பத்துக்கு உதவி வந்தது. ஊரோடு ஒத்துப்போகாதவருக்கு வரவில்லை. உதவியின் எல்லை பெரும்பாலும் ஊரின் எல்லையோடும் சாதியின் எல்லையோடும் நின்றது. முகம் தெரிந்தவர்களுக்குள் மட்டும் ஓடிய ஈரம் அது.

அந்த எல்லையைத் தாண்டிய முயற்சிகளும் இதே மண்ணில் நடந்தன. 1926-ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்கினார்கள். அந்த அறக்கட்டளையின் கல்லூரிகளும் மருத்துவமனையும் இன்றும் இயங்குகின்றன. 1934-ல் காந்தி தமிழ்நாட்டுக்கு வந்தது ஹரிஜன நிதி திரட்டும் சுற்றுப்பயணத்துக்காக. அந்தப் பயணத்தில்தான் துடியலூருக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்பது மாதம் நடந்த அந்தப் பயணத்தில் 12,500 மைல் சுற்றினார். சுமார் 8 லட்சம் ரூபாய் சேர்ந்தது. கையெழுத்துக் கேட்டவர்களிடம் அவர் நிதிக்குப் பணம் கேட்டார். தனக்கு வந்த வரவேற்புப் பத்திரங்களைக்கூட மேடையிலேயே ஏலம் விட்டார். அந்தக் காலத்து வைரல் பிரசாரம் என்று அதைச் சொல்லலாம். ஆனால் பொதுப்பணத்தில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும் என்பதில் அவர் கடைசிவரை கறாராக இருந்தார். கூட்டத்தைத் திரட்டியவரே கணக்குக்கும் பொறுப்பேற்றார்.

பள்ளிக்கூடத்தில் கொடி நாள் உண்டு. 1949 முதல் டிசம்பர் 7 அன்று படைவீரர் நலனுக்காக நடக்கிற வசூல் அது. சீல் வைத்த தகர உண்டியலில் காசு போட்டால் சட்டையில் ஒரு காகிதக் கொடியைக் குத்திவிடுவார்கள். காசநோய் ஒழிப்புக்கான வில்லைகளையும் பிள்ளைகள் வாங்கி நோட்டில் ஒட்டினார்கள். அந்தக் கொடியிலும் வில்லையிலும் எந்த நோயாளியின் முகமும் இல்லை. போரில் காலிழந்த வீரரின் படத்தைக் காட்டி யாரும் காசு கேட்கவில்லை. நோய் உண்டு, தேவை உண்டு, கொடுங்கள் என்று மட்டுமே கேட்டார்கள். கேட்டதற்குப் பிள்ளைகள் காசு கொடுத்தார்கள்.

அன்று விளம்பரம் இருந்தது. அது கொடுத்தவருக்கு இருந்தது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சமே மறையும்படி ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருக்கும். பள்ளிக்கூடச் சுவரில் நன்கொடையாளர் பெயர்கள் பளிங்குக்கல்லில் தொகையோடு பொறித்திருக்கும். அதில் தற்பெருமை இருந்தது உண்மை. ஆனால் அந்த லைட்டின் கீழே படித்த பிள்ளையின் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை. இன்று நிலைமை தலைகீழ். கொடுத்தவர்களில் பலர் ‘பெயர் வெளியிட விரும்பாத நலம்விரும்பி’ என்ற ஒற்றை வரியில் மறைந்துகொள்கிறார்கள். வாங்கியவரின் முகம், வீடு, கிழிந்த பாய், மருத்துவ அறிக்கை எல்லாம் லட்சக்கணக்கான திரைகளில் ஓடுகின்றன. கொடுத்தவரின் பெருமையை ஏற்றிய கல்லைவிட, வாங்கியவரின் துயரத்தை ஏற்றிய காணொளி கொடியது என்றே நான் நினைக்கிறேன்.

புதிய முறையால் பெற்றது எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் நிதி திரட்டும் தளங்களான மிலாப் 2010-லும் கெட்டோ 2012-லும் வந்தன. 2016-ல் யுபிஐ வந்தது. பத்து ரூபாயைக்கூடச் செலவின்றி அனுப்ப முடிந்த பிறகு, ஊர் என்ற சொல்லின் அகலமே மாறிவிட்டது. முதுகுத் தண்டுவடத் தசை நலிவு நோய்க்கான சோல்ஜென்ஸ்மா என்ற மரபணு மருந்து 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை சுமார் 21 லட்சம் டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 16 கோடி ரூபாய். ஒரே ஒரு முறை செலுத்துகிற மருந்து. அமெரிக்க அனுமதி இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. 2021-ல் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு இந்த மருந்து வாங்க உலகம் முழுவதிலுமிருந்து தமிழர்கள் பணம் அனுப்பினார்கள். மத்திய அரசு பல கோடி ரூபாய் இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்தது. கொங்கு நாட்டின் எந்த ஊர்க்கூட்டமும் அந்தத் தொகையைத் திரட்டியிருக்க முடியாது. எந்த ரசீதுப் புத்தகமும் அத்தனை தாள்களைக் கொண்டிருக்காது.

கோவைக்கு மேற்கே வடிவேலம்பாளையத்தில் விறகடுப்பில் இட்லி சுட்டு ஒரு ரூபாய்க்கு விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019 செப்டம்பரில் நாடே பார்த்தது. தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவரைப் பற்றிய காணொளியைப் பகிர்ந்தார். பாட்டிக்கு எரிவாயு இணைப்பு கிடைத்தது. 2022 மே மாதம் அன்னையர் தினத்தன்று சமையலறையோடு புதிய வீடும் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அந்தக் காணொளியில் பாட்டி அழவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாவாட்டினார், இட்லி ஊற்றினார், விலையை ஏன் ஏற்றவில்லை என்பதைச் சொன்னார். பார்த்தவர்கள் அவர் செய்கிற வேலையைப் பார்த்து மதித்தார்கள். மனிதரைச் சிறுமைப்படுத்தாமலே ஒரு காணொளி பரவும், உதவியும் வரும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இருக்கிற சான்று அது.

பாட்டியின் காணொளி பரவியதற்கு அடுத்த ஆண்டு டெல்லியில் நடந்தது வேறு. 2020 அக்டோபரில் மாளவியா நகரில் ‘பாபா கா தாபா’ என்ற சிறு உணவுக் கடை நடத்திய முதியவர், வியாபாரமில்லை என்று கண்ணீர் விட்ட காணொளி பரவியது. மறுநாளே கடை முன்னால் வரிசை நின்றது. சில வாரங்களில் நன்கொடைப் பணம் பற்றி, காணொளி எடுத்தவர் மீது முதியவர் போலீஸில் புகார் கொடுத்தார். காணொளி எடுத்தவர் அதை மறுத்தார். முதியவர் புதிதாகத் திறந்த உணவகம் சில மாதங்களில் மூடப்பட்டது. முதியவர் பழைய கடைக்கே திரும்பினார். 2021-ல் காணொளி எடுத்தவரிடம் மன்னிப்பும் கேட்டார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது என்று தெரியாமல் போனதுதான் சேதி. எண்ணிட்ட ரசீது, இரண்டு பேர் கையெழுத்து, கூட்டத்தில் கணக்கு வாசிப்பு என்ற மூன்றும் இருந்திருந்தால் அந்த இரண்டு மனிதர்களும் நாடறிய மோதிக்கொள்ள நேர்ந்திருக்காது.

வாங்குகிறவரின் குரல் அரிதாகத்தான் நமக்குக் கேட்கிறது. 2022-ல் மெல்போர்ன் நகரில் ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர் கையில் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்; அதை மறைவாகப் படம்பிடித்து வெளியிட்டார். கோடிக்கணக்கானோர் பார்த்து உருகினார்கள். பிறகு அந்தப் பெண்மணி ஆஸ்திரேலிய வானொலியில் பேசினார். தன் அனுமதி கேட்கவில்லை, தன்னை ஒரு மனுஷியாகவே நடத்தவில்லை என்று வருந்தினார். நம் ஊர்களிலும் இதே மாதிரியான காணொளிகள் தினமும் எடுக்கப்படுகின்றன. ரோட்டோரம் கீரை விற்கிற பாட்டியிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டி, அவர் கும்பிடுவதை அருகில் போய்ப் படம்பிடிக்கிறார்கள். அந்தக் காணொளி பார்வைகளையும் விளம்பர வருமானத்தையும் கொண்டுவருகிறது. பாட்டிக்குக் கிடைத்தது ஐந்நூறு. அவர் முகத்துக்குக் கிடைத்த வருமானத்தில் அவருக்குப் பங்கில்லை. அவருடைய பேரன் பள்ளிக்கூடத்தில் அந்தக் காணொளியைப் பார்க்கும்போது என்ன நினைப்பான் என்று படம்பிடித்தவர் யோசித்திருக்கமாட்டார்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் கனமானது. இன்று நோயுற்றுக் கிடக்கிற குழந்தை நாளை பிழைத்து வளர்ந்து, இருபது வயதில் வேலைக்கு விண்ணப்பிக்கும். அப்போதும் மூக்கில் குழாயோடு இருக்கிற அந்தப் படம் எங்கோ ஒரு தளத்தில் இருக்கும். உயிர் பிழைக்க அந்தப் படம் தேவைப்பட்டது என்று பெற்றோர் சொல்லலாம். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பார்க்கிற நாம்தான் முகத்தைக் காட்டினால் மட்டும் கொடுக்கிறவர்களாக ஆகிவிட்டோம். 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தைகளின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதை 74-வது பிரிவில் தடைசெய்கிறது. அநாதை இல்லத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, பிறந்தநாள் சாப்பாடு போட்டுப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு உதவி போகிறது என்பதிலும் அன்றைய பழுது வேறு உருவத்தில் நீடிக்கிறது. அன்று ஊருக்குப் பிடித்தவருக்குப் போனது. இன்று பார்ப்பவர் மனதை உருக்குகிற முகத்துக்குப் போகிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிற அறுபது வயதுத் தறித்தொழிலாளியின் காணொளி பரவுவதில்லை. மனநோயாளிக்கும் குடிநோயாளிக்கும் யாரும் வயலின் வாசிப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த அட்டைக்கு விண்ணப்பிக்க ஒரு குடும்பத்துக்குத் துணையாகப் போய்வருவது பல நேரங்களில் நூறு பகிர்வுகளைவிடப் பெரிய உதவி. ஆனால் அதைப் படமெடுத்துக் காட்ட வழியில்லை.

திரளுகிற பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குச் சொன்ன இயக்கமும் உண்டு. 2014-ல் தலையில் பனிநீரை ஊற்றிக்கொள்கிற சவால் உலகமெங்கும் பரவியது. அதைப் பார்த்த பலர் வெறும் விளையாட்டு என்றார்கள். ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக அமெரிக்கச் சங்கம் ஒன்று அதன்மூலம் 11.5 கோடி டாலர் பெற்றது. எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு, நோயாளிகள் பராமரிப்புக்கு எவ்வளவு என்று பிரித்து வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, அந்தப் பணத்தில் நடந்த ஆய்வு ஒன்று நோயோடு தொடர்புள்ள மரபணுவைக் கண்டறிந்தது. அதே 2014-ல் ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர், தண்ணீரை வீணாக்க வேண்டாம், ஒரு வாளி அரிசியை ஏழை ஒருவருக்குக் கொடுங்கள் என்று சவாலை மாற்றினார். வேகமாகப் பரவுவதும் பொறுப்போடு இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதை இந்த இரண்டும் காட்டின.

பத்திரிகையில் வந்த உதவிக் கோரிக்கையை ஓர் ஆசிரியர் படித்து, நிருபரை அனுப்பி விசாரித்த பிறகே அச்சுக்கு விட்ட காலம் இருந்தது. தானே புயல் கடலூரைச் சிதைத்தபோது ‘தானே துயர் துடைப்போம்’ என்று விகடன் வாசகர்களை அழைத்தது போன்ற முயற்சிகளுக்குப் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஓர் அலுவலகம் இருந்தது. இன்று ஆசிரியரும் நாம்தான், நிருபரும் நாம்தான், அச்சிடுகிறவரும் நாம்தான். ‘அவசரம், ஏ நெகட்டிவ் ரத்தம் தேவை’ என்று வருகிற செய்தியில் தேதி இருக்காது. அழைத்தால் எண் அணைந்திருக்கும், அல்லது நோயாளி என்றோ குணமாகி வீடு திரும்பியிருப்பார். விசாரிக்காமல் அனுப்பிய ஒவ்வொருவரும் அதற்குப் பொறுப்பு.

ஆகவே படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். ஒரு கோரிக்கை கைப்பேசிக்கு வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தால் அதன் பொது எண்ணில் அழைத்து விசாரியுங்கள். முடிந்தால் பணத்தை நேரடியாக ஆஸ்பத்திரிக் கணக்குக்கே அனுப்புங்கள். அறக்கட்டளை என்றால் 80ஜி பதிவும் நிதி ஆயோகின் தர்பண் தளப் பதிவும் இருக்கிறதா என்று பார்த்து, வருமானவரிக்கான 10பிஇ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். நிதி திரட்டும் தளத்தில் ‘டிப்’ என்று தானாகச் சேர்கிற தொகையைக் கவனியுங்கள். ஏமாற்று என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். குழந்தையின் முகமோ, கும்பிடுகிற முதியவரின் முகமோ உள்ள காணொளியை மேலே அனுப்பாதீர்கள். உதவ விரும்பினால் கணக்கு விவரத்தை மட்டும் அனுப்புங்கள். பணம் அனுப்பிய மூன்று மாதம் கழித்து, திரட்டியவரிடம் வரவு செலவைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிறவருக்கு அடுத்த முறை கொடுக்காதீர்கள். நோம்பிக் கணக்கைப் பின்வரிசையில் இருந்து கேட்டவரை ஊர் யாரும் கஞ்சன் என்று சொன்னதில்லை. அவர் கேட்டதால்தான் அடுத்த ஆண்டும் எல்லோரும் நம்பிக் கொடுத்தார்கள்.